சர்ஃப் போர்டில் குவாட் (நான்கு) ஃபின் போட்டால் குதிகால் பக்கத் திருப்பத்தில் டெயில் (பின்முனை) வழுக்குகிறது. பெரிய செட் வாங்கலாமா?

கேள்வி
போர்டு 5 அடி 10 அங்குலம், ஸ்குவாஷ் டெயில் (மழுங்கிய சதுர முனை), எஃப்சிஎஸ் 2 வகை பாக்ஸ் (அடியில் ஃபின் எனும் துடுப்பைச் செருகும் குழி) ஐந்து. என் எடை 74 கிலோ, வலது கால் முன்னால். கோவளம் முனையின் வலது அலைதான் பெரும்பாலும், அதனால் அலைக்கு முதுகு காட்டித்தான் ஓட்டுகிறேன். உயரம் இடுப்பிலிருந்து நெஞ்சு வரை.

த்ரஸ்டராக மூன்று ஃபினும் போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கிறது. ஆனால் அலை தளரும் இடத்தில் போர்டு நின்றே போகிறது. அதனால் மீடியம் குவாட் செட் மாட்டினேன். வேகம் உடனே தெரிந்தது. ஆனால் பாட்டம் டர்னில் (அலையின் அடியில் திரும்பும்போது) குதிகாலை அழுத்தினால் டெயில் சட்டென்று விலகிவிடுகிறது. தப்பித் திருப்பினாலும் நேராக மேலே ஏறாமல் நீளமாக வளைந்தே போகிறது. வேகம் பிடித்ததும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வேறு. லார்ஜ் செட் வாங்கினால் சரியாகுமா?

பதில் 1
இப்போதைக்கு வாங்க வேண்டாம். 74 கிலோவுக்கு மீடியம் போதும். ரீங்காரமும் வழுக்கலும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஃபின் மாட்டிய விதத்தை.

போர்டைக் கவிழ்த்து வைத்து, மூக்கு உங்களை விட்டு விலகி இருக்கும்படி நில்லுங்கள். உயரமான ஜோடி (சுமார் நாலரை அங்குலம்) முன்னால், குட்டையான ஜோடி (சுமார் 4 அங்குலம்) பின்னால். அடுத்து, ஒவ்வொரு ஃபினையும் கட்டைவிரலால் தடவுங்கள். தட்டையான முகம் ஸ்ட்ரிங்கரை, அதாவது நடுக் கட்டையைப் பார்க்க வேண்டும்; குவிந்த முகம் ரெயிலை, அதாவது போர்டின் பக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். பின் ஜோடியில்தான் பலர் ஏமாறுவது. சில செட்டில் அவை 80/20 (குவிவின் பெரும்பகுதி ஒரு முகத்தில்), இரு முகமும் கொஞ்சம் குவிந்திருப்பதால் இடது வலது கண்ணுக்குத் தெரியாது. அதிகத் தட்டையான முகம் எதுவோ, அதுதான் உள்பக்கம். 50/50 (இரு முகமும் சமக் குவிவு) என்றால் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான்.

பின்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பாறையில் பட்ட பள்ளம் இருக்கலாம். ஒவ்வொரு ஃபினையும் பிடித்து ஆட்டியும் பாருங்கள்.

கேட்டவர்
பார்த்துவிட்டேன். பின் ஜோடி இடது வலது மாறித்தான் இருந்தது. வலது முன் ஃபினின் பின்விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். ஆட்டம் எதுவும் இல்லை. இடம் மாறினால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

பதில் 1
வரும். ஃபினும் இறக்கை மாதிரிதான், குவிந்த முகத்தின் பக்கம்தான் இழுக்கும். முன் ஃபின் ரெயில் பக்கம் இழுக்க, பக்கம் மாற்றி மாட்டிய பின் ஃபின் ஸ்ட்ரிங்கர் பக்கம் இழுக்கிறது. ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்போது நீரோட்டம் ஃபினின் முகத்தை விட்டுப் பிரிகிறது, பிடி போய்விடுகிறது. கால்விரல் பக்கம் இதை உடம்பால் சமாளித்துவிடலாம். குதிகால் பக்கம் அந்த நுணுக்கம் வராது, அதனால் அங்கேதான் வழுக்கல் முதலில் தெரியும்.

பள்ளத்துக்கு 320 நம்பர் நீர்த்தாளால் (ஈர உப்புத்தாள்) ஈரமாகத் தேய்த்து, 600-ஆல் முடியுங்கள். பின்விளிம்பின் ஒரே பக்கத்தில் லேசான சரிவு கிடைத்தால் அதிர்வு அடங்கிவிடும். கத்தி மாதிரி கூராக்க வேண்டாம், காலைக் கிழித்துவிடும்.

பதில் 2
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீளமாக வளைவது பழுதில்லை, குவாட்டின் குணமே அதுதான். த்ரஸ்டரின் நடு ஃபின் நீரைத் தடுக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. அதே ஃபின்தான் டெயிலைச் சுழற்ற அச்சாகவும் நிற்கிறது. அதை எடுத்தால் வேகத்தோடு சேர்த்து அந்த அச்சும் போகிறது. 1980-ல் சைமன் ஆண்டர்சன் மூன்றாவது ஃபினை வைத்ததே, ட்வின் ஃபின் (இரண்டு ஃபின்) போர்டு பெரிய அலையில் பிடி விடுகிறது என்பதால்தான்.

பின் பாக்ஸ் ரெயிலை ஒட்டி இருந்தால் ட்வின் மாதிரி ஓடும், ஸ்ட்ரிங்கரை நெருங்கினால் த்ரஸ்டர் மாதிரி திரும்பும். உங்கள் போர்டில் அதை மாற்ற முடியாது, ஃபினை மாற்றலாம். பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் நீள வளைவு தரும், நிமிர்ந்த ஃபின் சுருக்கமாகத் திருப்பும். நிமிர்ந்த முன் ஜோடியோடு இப்போதிருக்கும் பின் ஜோடியையே வைத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேட்டவர்
பக்கம் மாற்றி, பள்ளத்தையும் தேய்த்து ஓட்டினேன். ரீங்காரம் இல்லை, வழுக்கலும் நின்றுவிட்டது. வளைவு மட்டும் அப்படியே. இடுப்பளவு அலைக்கு வேறு வழி உண்டா?

பதில் 2
பின் ஜோடியைக் கழற்றிவிட்டு, முன் இரண்டோடு நடு பாக்ஸில் இரண்டு, இரண்டரை அங்குலக் குட்டி ஃபின் ஒன்று போடுங்கள். நடுவில் தடுப்பு குறைவு என்பதால் வேகம் பெரிதாகக் குறையாது, டெயிலுக்குச் சின்ன அச்சும் கிடைக்கும். ஆனால் அந்த முன் ஜோடி ட்வினுக்கென்றே வரும் பெரிய ஃபினாக இருக்க வேண்டும். மீடியம் குவாட்டின் முன் ஜோடியை இப்படி வைத்தால் பரப்பு போதாது, குதிகால் பக்கம் மறுபடி வழுக்கும். அலை நெஞ்சைத் தாண்டும் நாளில் பேசாமல் த்ரஸ்டருக்குத் திரும்பிவிடுங்கள்.

பதில் 1
எஃப்சிஎஸ் 2 ஃபின் திருகு இல்லாமலே நிற்கும். ஆனாலும் பாறை முனையில் ஓட்டுவதால் திருகு போட்டுக்கொள்வது நல்லது. மாட்டும் முன் பாக்ஸில் மணல் இருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மணல் சிக்கினால் ஃபின் முழுசாக உட்காராது.