முகம் எரிகிறது, தோல் உரிகிறது. வறண்ட தோலுக்கு எந்த க்ரீம் நல்லது? அவசரம்

ராதாபுரத்துப் பொண்ணு:
எனக்கு வறண்ட தோல், எது போட்டாலும் சீக்கிரம் ஒத்துக்காது. கொஞ்ச நாளாக முகம் எரிகிறது, தோல் பொடிப்பொடியாக உரிகிறது, தலையும் அரிக்கிறது. பேஸ் வாஷ் மாற்றினேன், மாய்ஸ்சரைசர் மாற்றினேன், புதுசாக ஒரு சீரமும் வாங்கினேன். கூடிக்கிட்டே போகுது. அடுத்த வாரம் வீட்டில் விசேஷம். நல்ல க்ரீம் பேர் மட்டும் சொல்லுங்கள்.

திசையன்விளை அக்கா:
என்ன பேஸ் வாஷ், என்ன சீரம்? அதைச் சொல்லாமல் நாங்கள் என்ன சொல்ல? அதைவிட முக்கியம், வீட்டில் என்ன தண்ணீர்? நம்ம பக்கம் போர் தண்ணீர் என்றால் வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் சோப்பும் சேர்ந்து பிசுக்காக மாறித் தோலிலும் முடியிலும் அப்படியே நிற்கும். கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் அலசிப் பாரு தங்கச்சி.

அம்பை மதினி:
க்ரீமே வேண்டாம். செக்குத் தேங்காய் எண்ணெய் ராத்திரி தேய்த்துப் படு, தலைக்குச் சீயக்காய். எங்க வீட்டில் எல்லாருக்கும் அதுதான்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
கேள்வி கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு. வயசு தெரியாது, வேலை தெரியாது, எப்போது ஆரம்பித்தது தெரியாது, க்ரீம் பேர் மட்டும் வேண்டும்! மூன்று சாமானை ஒரே நேரத்தில் மாற்றினால் எது கடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? புதுசு எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகுதான் முகத்துக்குப் போக வேண்டும். இது அடிப்படை.

ராதாபுரத்துப் பொண்ணு:
வயசு 26. பேங்க் வேலை, நாள் முழுக்க ஏசி. பேஸ் வாஷ் சாலிசிலிக் ஆசிட் போட்டது, சீரம் வைட்டமின் சி. தண்ணீர் போர்தான்.

திசையன்விளை அக்கா:
பார்த்தியா, நான் சொன்னேனே! தண்ணீர்தான்.

பாளை மருந்துக்கடை:
சாலிசிலிக் ஆசிட் எண்ணெய் வழியும் தோலுக்கு, பரு வரும் தோலுக்கு. வறண்ட தோலை இன்னும் உரிக்கும். வைட்டமின் சி சீரமும் பெரும்பாலும் அமிலம்தான், உரிந்த இடத்தில் பட்டால் எரியத்தான் செய்யும். ஏசி ஒரு பக்கம், இந்த ஆடிக் காத்து ஒரு பக்கம். குற்றாலத்துக்குச் சாரலைக் கொட்டிவிட்டு மலை தாண்டி நம்ம பக்கம் வரும்போது ஈரமில்லாத காத்தாகத்தான் வருது. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

மேலப்பாளையம் மாணவி:
அக்கா, நான் மருத்துவப் படிப்பு, தோல் பிரிவில் இப்போது போஸ்டிங். சரியாக எந்த இடம்? கன்னமா, நெற்றியில் முடி ஆரம்பிக்கிற ஓரமா, காதுக்குப் பின்னாலா, கண் இமையா? தலை அரிக்கிறது என்று எழுதினீர்களே, தலைக்கு என்ன போட்டீர்கள்?

அம்பை மதினி:
அரிக்குதுன்னா பொடுகு. எண்ணெய் தேய்த்தால் அடங்கும்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
தப்பு. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளரும். உடம்பு வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பொடுகுத் தலைக்கு எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது வேறு கதை.

அம்பை மதினி:
குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஊரய்யா இது! எங்க ஆச்சிக்கு எழுபது வயசிலும் முடி இடுப்புக்கு.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் தடை. தண்ணீர் கெடுகிறது என்றுதான். போய்ப் பார்த்தால் தெரியும்.

தென்காசி மக்கா:
குற்றாலம் எங்க மாவட்டம். 2019-லேயே திருநெல்வேலியிலிருந்து பிரித்தாச்சு.

பாளை மருந்துக்கடை:
அந்தப் பிள்ளை முகம் எரியுதுங்குது. குற்றாலத்தை அப்புறம் பேசலாம்.

ராதாபுரத்துப் பொண்ணு:
நெற்றி ஓரம், காதுக்குப் பின்னால், கழுத்துப் பக்கவாட்டில்தான் அதிகம். காலையில் கண் இமை இரண்டும் வீங்கி இருந்தது. ஷாம்பு பழையதுதான். விசேஷத்துக்காகத் தலைக்கு மருதாணி போட்டேன், அது இயற்கைதானே.

மேலப்பாளையம் மாணவி:
எந்த மருதாணி? இலை அரைத்ததா, பாக்கெட்டா? நிறம் எப்படி வந்தது?

ராதாபுரத்துப் பொண்ணு:
பாக்கெட். கருப்பு மருதாணி. அரை மணி நேரத்தில் நல்லா கருத்துடுச்சு. அதற்கப்புறம்தான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

மேலப்பாளையம் மாணவி:
மருதாணி இலை தனியாகக் கருப்புத் தராது அக்கா, செம்பட்டைதான் தரும். அரை மணியில் கருக்கிறது என்றால் பெரும்பாலும் பாராபினைலீன்டையமின் என்ற சாயம் கலந்திருக்கும். பாக்கெட் பின்னால் பிபிடி என்றோ முழுப் பேரோ பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இந்த அலர்ஜி போட்ட உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் பழி பேஸ் வாஷ் மேல் விழுகிறது. தலையோட்டுத் தோல் கொஞ்சம் தாங்கும். அலசும்போது வழிகிற தண்ணீர் பட்ட இடமெல்லாம் கிளம்பும், இமைத் தோல் ரொம்ப மெல்லிசு, அது முதலில் வீங்கும். நான் உங்களை நேரில் பார்க்கவில்லை, அதனால் பாளை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரி தோல் ஓபிக்கு ஒரு நடை போய்விடுங்கள். வீக்கம் கூடினாலோ மூச்சு முட்டினாலோ ஓபி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

பாளை மருந்துக்கடை:
இந்த மாணவி சொல்வதைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: விசேஷத்துக்கு முகம் தெளியணும் என்று யாராவது கொடுக்கிற 'வெள்ளையாகிற க்ரீமை' வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் முன்னைவிட எரியும். நாங்கள் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனாலும் தினமும் ஆள் வந்து கேட்கத்தான் செய்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும். அதுவரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், கிளிசரின், செராமைடு இருக்கிற மாதிரி. இல்லையென்றால் சாதா வாசலின் போதும். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் தடவணும், காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
தலைக்குப் போட்டதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ராதாபுரத்துப் பொண்ணு:
ஓபி போய்விட்டு வந்தேன். சாயம்தான் என்று சொன்னார்கள். மாத்திரை, கொஞ்ச நாளைக்கு ஒரு க்ரீம். முழுசாக ஆறிய பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்க்கலாமாம். இமை வீக்கம் வத்திடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

திசையன்விளை அக்கா:
சந்தோஷம் தங்கச்சி. தண்ணீரையும் ஒருதரம் பாரு.

நாங்குநேரித் தம்பி:
எங்கம்மா இதே கருப்பு மருதாணியை வருஷக்கணக்காகப் போடுகிறார்கள், ஒன்றும் ஆனதில்லை. தொடரலாமா?

மேலப்பாளையம் மாணவி:
இத்தனை வருஷம் வரவில்லை என்பதால் இனியும் வராது என்று இல்லை, இந்த அலர்ஜி எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். விட்டுவிடுவதே நல்லது. இலை மருதாணி போட்டுச் செம்பட்டை பரவாயில்லை என்றால் அதுவே போதும். கருப்புதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக அரித்தாலும் அந்தப் பாக்கெட்டைத் தொட வேண்டாம்.