பைக் பின் ஷாக் டொக் டொக்குனு அடிக்குது, ப்ரீலோட் (ஸ்ப்ரிங்கை முன்னாடியே அமுக்கி வைக்கிற படி) எத்தனையில் வைக்கணும்?

வைகைக்கரை:
அவசரம். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் கிளம்பணும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்பீட் பிரேக்கரில் டொக்கென்று அடி விழுது. 60க்கு மேல் போனால் பின்பக்கம் லேசா ஆடுது. ப்ரீலோட் எத்தனையில் வைக்கணும்?

மெதுவா_போ:
எந்த வண்டின்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்.

இரட்டைக்குழல்:
ஒற்றை ஷாக்கா, இரண்டு ஷாக்கா? பின்னால் உட்காருபவர் எடை? டயரில் காற்று எவ்வளவு?

கிரீஸ்_கை:
கேஸ் தீர்ந்திருக்கும். இரண்டையும் கழற்றிப் புதுசு போடுங்க.

வைகைக்கரை:
பல்சர் 150. நாங்க ரெண்டு பேர், ஒரு பை.

ஷாக்_வாத்தியார்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துபோச்சு. எண்ணைக் கேட்கக் கூடாது, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாமல் பார்த்துக்கொண்டு, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளங்கள். அப்புறம் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஆள், சாமான் எல்லாம் ஏற்றி அதே அளவை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸேக். சாலை வண்டிக்குப் பொதுவாக 30 முதல் 40 மிமீ. இருவர் ஏறினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கிரீஸ்_கை:
டேப் எல்லாம் ரேஸ்காரங்களுக்கு. கடைசிப் படி வரைக்கும் திருகிடுங்க, ஸ்ப்ரிங் இறுகிடும், அடி விழாது.

ஷாக்_வாத்தியார்:
ப்ரீலோட் ஏற்றினால் ஸ்ப்ரிங் இறுகாது! ஒரு மிமீ அமுங்க 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்ப்ரிங், எந்தப் படியில் வைத்தாலும் அதேதான் கேட்கும். வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்.

கிரீஸ்_கை:
அப்படின்னா நான் தனியா ஓட்டும்போது கல்லு மேல உட்கார்ந்த மாதிரி ஏன் இருக்கு?

ஷாக்_வாத்தியார்:
ஏற்கெனவே அமுக்கி வைத்த விசையைத் தாண்டும் வரை ஷாக் அசையவே அசையாது. அதைத்தான் இறுக்கம் என்கிறீர்கள்.

இரட்டைக்குழல்:
உங்க சண்டையில் கேட்டவரை மறந்துட்டீங்க. வைகைக்கரை, சமீபத்தில் ஷாக்கில் யாராவது கை வைத்தாங்களா? சீட்டை அமுக்கிவிட்டால் ஒரே தடவையில் மேலே வந்து நிற்கணும். இரண்டு மூன்று தடவை ஆடினால் டேம்பர், அதாவது ஷாக்குக்குள்ளே ஆட்டத்தை அடக்கும் பகுதி, போச்சு. கம்பியில் ஆயில் ஈரம் இருக்கான்னும் பாருங்க. இந்த வண்டியில் டேம்பிங்கைத் திருக வழி கிடையாது, ப்ரீலோட் மட்டும்தான்.

வைகைக்கரை:
ஆயில் இல்லை, ஒரே தடவையில் நிற்குது. போன வாரம் சர்வீஸில் மெத்துனு வைக்கச் சொன்னேன். அது முக்கியமா?

மெதுவா_போ:
இதைத்தாங்க முதல்ல சொல்லணும்! இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கான்னு பாருங்க. வலப்பக்கம் சைலன்சர் மறைக்கும், ஸ்பேனர் போட இடைஞ்சல். அவசரத்தில் இடப்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டிருப்பாங்க.

கிரீஸ்_கை:
திருக ஸ்பேனர் இல்லைன்னா ஸ்க்ரூ டிரைவர் வச்சு சுத்தியலால் தட்டுங்க.

இரட்டைக்குழல்:
தட்டாதீங்க, ப்ரீலோட் திருகுற வளையத்தோட பல் உடையும். டூல் கிட்டில் கொக்கி ஸ்பேனர் இருக்கான்னு பாருங்க. ப்ரீலோட் ஏற்றினதும் செயின் தொய்வையும் ஒரு தடவை பாருங்க, பின்பக்கம் உயர்ந்தால் அதுவும் மாறும். இருவர் போனால் பின் டயரில் 32 பிஎஸ்ஐ.

வைகைக்கரை:
இடது 1, வலது 4. ரெண்டையும் 4ல் வச்சாச்சு. டொக் இல்லை. ராத்திரி ஹெட்லைட் மரத்தைப் பார்த்து அடிச்சுட்டிருந்தது, அதுவும் கீழே வந்துட்டுது. ஆட்டம் கொஞ்சம் இருக்கு. கிளம்பறேன்.

மெதுவா_போ:
ஆட்டத்தோட மலை ஏறாதீங்க. பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் பிடித்து அசைச்சுப் பாருங்க, அதோட மூட்டில் இருக்கிற புஷ் தேய்ஞ்சிருந்தா அங்கே தெரியும். வைகைக்கரை, இருக்கீங்களா?

கிரீஸ்_கை:
வாத்தியாரே, இறுகாதுன்னு சொன்னீங்களே, 4ல் வச்சதும் டொக் எப்படி நின்னுச்சு?

ஷாக்_வாத்தியார்:
மேலே ஏறியதால் கீழே அமுங்க இடம் கிடைத்தது. எழுதியதை ஒருமுறையாவது படியுங்கள்.