இடிமேகத்தின் தலை ஏன் தட்டையாகிறது?

திண்டுக்கல் செல்வி:
கோடையில் சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து சிறுமலைப் பக்கம் பார்த்தால், காலிஃபிளவர் மாதிரி பொங்கி ஏறும் மேகம் ஒரு உயரத்தில் சட்டென்று தட்டையாக விரிகிறது. மேலே ஏதாவது மூடி இருக்கா என்ன?

மழைக்கிறுக்கன்:
கிட்டத்தட்ட மூடிதான். நம்ம ஊர்ப் பக்கம் சுமார் 16, 17 கி.மீ. வரை ஏற ஏறக் குளிர்தான். அதற்கு மேல் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் வெப்பநிலை திரும்ப ஏறும். அங்கே நுழையும் மேகக்காற்று சுற்றியிருக்கும் காற்றைவிடக் கனமாகிவிடும். மிதப்பு போச்சு. கீழிருந்து வருவதும் நெருக்கும், பக்கவாட்டில் பரவுவதுதான் வழி.

திண்டுக்கல் செல்வி:
ஆனா நடுவில் ஒரு குமிழ் மட்டும் துருத்திக்கிட்டு இருந்துச்சே?

மழைக்கிறுக்கன்:
அட, அதைக் கவனிச்சீங்களா! வேகம் இருக்கே, உடனே நிற்காது. வெப்பநிலை ஏறும் அந்த நிலையான அடுக்குக்குள் (காற்று மேலும் கீழும் எளிதில் கலக்காத அடுக்கு) ஒன்றிரண்டு கி.மீ. கூடப் பாய்ந்துவிட்டு, சில நிமிடங்களில் அமுங்கும். போகிற போக்கில் பனித்துகளையும் நீராவியையும் அங்கே விட்டுவிட்டு வரும். அந்த அதிர்வில் கிளம்பும் அலைகள் செயற்கைக்கோள் படங்களில் வட்டம் வட்டமாகத் தெரிவதுண்டு.

ஆறாம் விரல்:
சூரியனுக்குள்ளும் இதே கதைதான், தலைகீழாக. வெளிப்புற 30 சதவீத ஆழம் கொதிநீர் மாதிரி ஏறி இறங்கிப் புரள்கிறது, அதற்கு அடியில் நிலையான அடுக்கு. இறங்கும் பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாலான சூடான வாயு) அதற்குள் கொஞ்சம் புகுந்துவிட்டுத் திரும்பும்.