எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட்: மொட்டை முகவரியில் சான்றிதழ் எச்சரிக்கை, ஆப் துணை டொமைனில் முடிவில்லாத சுற்று

ஓடை (கேள்வி)

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ். டொமைனை தளம்.காம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போடாததை மொட்டை முகவரி என்றும், போட்டதை டபிள்யூ முகவரி என்றும் எழுதுகிறேன். யார் எப்படி வந்தாலும் கடைசியில் எச்டிடிபிஎஸ் டபிள்யூ முகவரியில் நிற்க வேண்டும். இப்போதைய நிலவரம்:

எச்டிடிபி மொட்டை முகவரி சரியாகத் திரும்புகிறது. எச்டிடிபிஎஸ் மொட்டை முகவரிக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) எழுதியிருந்தும் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் தடுக்கிறது.

பிளாக் (வலைப்பதிவு) துணை டொமைனை மூடிவிட்டு, கட்டுரைகளை டபிள்யூ தளத்தில் /பிளாக் பாதைக்கு மாற்றியாகிவிட்டது. ஆனால் பழைய கட்டுரை இணைப்பு எதைத் தட்டினாலும் பிளாக்கின் முகப்புக்கே போகிறது.

ஆப் துணை டொமைனுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர் இருக்கிறது. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் குறியாக்கம்) அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள என்ஜின்எக்ஸ்ஸில் 80-லிருந்து (எச்டிடிபி போர்ட்) 443-க்குத் (எச்டிடிபிஎஸ் போர்ட்) திருப்பும் வரியைப் போட்டதும், "அளவுக்கு மீறிய ரீடைரக்ட்" என்று குரோம் கைவிரிக்கிறது.

இவையெல்லாம் சரியானபின் எச்எஸ்டிஎஸ் (இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர்) போடலாமா?

வேர்ப்பயனர்

முதல் சிக்கலுக்கு மூலகாரணம் வரிசை. டிஎல்எஸ் கைகுலுக்கல் முடிந்தபிறகுதான் எச்டிடிபி கோரிக்கையே சர்வருக்குப் போகும். சான்றிதழில் மொட்டைப் பெயர் இல்லையென்றால் பிரவுசர் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் எழுதிய 301 அதன் கண்ணில் படவே படாது. ஆகவே, திருப்பிவிட மட்டுமே இருக்கும் பெயருக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும். மூடிய பிளாக் துணை டொமைனுக்கும் இதே கதைதான்: பழைய இணைப்புகள் உயிரோடு இருக்கும்வரை அதன் டிஎன்எஸ் பதிவும் சான்றிதழ்ப் புதுப்பிப்பும் தொடர வேண்டும்.

சான்றிதழ் எடுக்கும் கருவியான செர்ட்பாட்டின் "செர்ட்பாட் சர்டிஃபிகேட்ஸ்" கட்டளை, எந்தச் சான்றிதழில் எந்தெந்தப் பெயர் இருக்கிறது என்று காட்டும். விட்டுப்போன பெயரைச் சேர்க்கும்போது ஏற்கெனவே உள்ள பெயர்கள் உட்பட முழுப் பட்டியலையும் கொடுங்கள். புதிய பெயரை மட்டும் கொடுத்தால் அதற்கென்று தனியாக இன்னொரு சான்றிதழ் உருவாகும். நட்சத்திரச் சான்றிதழ் (*.தளம்.காம்) எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது ஒரே ஒரு அடுக்கு துணை டொமைனுக்குத்தான்: மொட்டைப் பெயர் அதில் வராது, ஏ.பி.தளம்.காம் போன்ற இரண்டடுக்குப் பெயரும் வராது. அதற்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பும் கட்டாயம்.

அடுத்து கான்ஃபிக். ஒரே சர்வர் பிளாக்குக்குள் (இது கான்ஃபிக்கின் ஒரு தொகுதி, வலைப்பதிவு அல்ல) இஃப் மேல் இஃப் அடுக்காமல் பிரித்து எழுதுங்கள்:

80-க்கு ஒரு பிளாக், அதில் மொட்டை, டபிள்யூ, வலைப்பதிவு மூன்று பெயரும். 443-இல் மொட்டைப் பெயருக்கு ஒரு பிளாக். வேலை டபிள்யூவுக்கு 301 கொடுப்பது மட்டும். 443-இல் டபிள்யூவுக்கு ஒரு பிளாக். உண்மையான தளம் இங்கே. 443-இல் பிளாக் துணை டொமைனுக்கு இன்னொன்று.

திருப்பும் வரியில் ரிட்டர்ன் 301 எழுதி, போய்ச்சேர வேண்டிய முகவரியின் வாலில் டாலர் ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ மாறியை ஒட்டுங்கள். வந்த பாதையும் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதும் அப்படியே அதில் இருக்கும். வெறும் டாலர் யூஆர்ஐ வேண்டாம்: அது குறிவிலக்கப்பட்ட வடிவம், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது உதிர்ந்துவிடும், அதோடு, கோரிக்கையில் வரிமுறிவைத் திணித்துப் பதிலில் போலி ஹெடர் நுழைக்கவும் வழி திறந்துவிடும்.

வலைப்பதிவுச் சிக்கலுக்கும் இதுவே மருந்து. இலக்கு எச்டிடிபிஎஸ் டபிள்யூ முகவரி, பிறகு /பிளாக், அதை ஒட்டி உடனே மாறி. நடுவில் சாய்கோடு கூடாது. மாறியின் மதிப்பே சாய்கோட்டில்தான் தொடங்குகிறது, இன்னொன்று போட்டால் இரட்டைச் சாய்கோடு. சில கட்டுரைகளின் பெயர் மாறியிருந்தால் அவற்றுக்கு மட்டும் மேப் பிளாக்கில் பழையது, புதியது என்று ஜோடி ஜோடியாக எழுதினால் போதும்.

எந்த சர்வர் நேமும் பொருந்தாத கோரிக்கை, அந்தப் போர்ட்டில் முதலில் எழுதப்பட்ட பிளாக்குக்குப் போகும். 443-க்கு டிஃபால்ட் சர்வர் என்று குறித்த ஒரு பிளாக் வைத்து, எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக் ஆன் போட்டுவிடுங்கள். 1.19.4 பதிப்பிலிருந்து உண்டு.

மூன்றாம்_கதவு

சான்றிதழ்ப் புதுப்பிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 80 பிளாக்கில் ரிட்டர்ன் வரியை நேரடியாக சர்வர் மட்டத்தில் எழுதினால், லொகேஷன் (பாதைவாரியான கட்டளைத் தொகுதி) எதையும் பார்க்கும் முன்பே அது ஓடிவிடும். டொமைன் உங்களுடையதுதானா என்று லெட்ஸ் என்க்ரிப்ட் பார்க்கும் சரிபார்ப்புக் கோப்புக்கென்று பக்கத்தில் தனி லொகேஷன் எழுதி வைத்தாலும் பயனில்லை, அங்கே போகவே போகாது. ரிட்டர்னை சாய்கோடு லொகேஷனுக்குள் வையுங்கள், சரிபார்ப்புப் பாதைக்குத் தனி லொகேஷன் கொடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் 10 ரீடைரக்ட் வரை பின்தொடரும், போகிற வழியில் சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் கண்டுகொள்ளாது. எனவே வெறும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புவதால் சரிபார்ப்பு உடையாது. வலைப்பதிவை /பிளாக் பாதைக்குத் திருப்புகிற மாதிரி, பாதையையே மாற்றும் இடத்தில்தான் உடையும்.

இனி லோட் பேலன்சர் சுற்று. பயனர் எச்டிடிபிஎஸ்ஸில் வருகிறார். பேலன்சர் டிஎல்எஸ்ஸை அவிழ்த்து உங்கள் சர்வரின் 80-க்கு அனுப்புகிறது. சர்வர் "இது எச்டிடிபி" என்று எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புகிறது. பிரவுசர் மறுபடி பேலன்சருக்கு வருகிறது. முடிவே கிடையாது. குரோம் 20-உடன் நிறுத்திக்கொள்ளும்.

சுத்தமான வழி, திருப்பும் வேலையை பேலன்சரிடமே கொடுப்பது. அது முடியாதென்றால், பயனர் எதில் வந்தார் என்று பேலன்சர் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரைப் பாருங்கள்: அதன் மதிப்பு "எச்டிடிபி" என்றிருந்தால் மட்டும் 301. "எச்டிடிபிஎஸ் இல்லையென்றால்" என்று தலைகீழாக எழுதாதீர்கள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பேலன்சர் பார்க்கும் ஹெல்த் செக் பெரும்பாலும் இந்த ஹெடர் இல்லாமல்தான் வரும். அதற்கும் 301 போனால், 200-ஐ எதிர்பார்க்கும் செக் தோற்று, நன்றாக ஓடும் சர்வரையே பேலன்சர் கழற்றிவிடும். இஃப் ஆகாது என்று எல்லாரும் சொல்வது லொகேஷனுக்குள் மற்ற கட்டளைகளோடு கலக்கும்போதுதான். சர்வர் மட்டத்தில் ரிட்டர்ன் மட்டும் உள்ள இஃப்பால் ஆபத்தில்லை.

இந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். எனவே ஆப் சர்வரின் 80-ஐ பேலன்சரின் ஐபி தவிர மற்றவர்களுக்கு ஃபயர்வாலில் மூடுங்கள். அப்படியும் சுற்று நிற்கவில்லையென்றால் அப்ளிகேஷனும் தன் பங்குக்குத் திருப்புகிறது என்று அர்த்தம். ஜாங்கோவில் செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் அமைப்பையும், வேர்ட்பிரஸ்ஸில் தள முகவரி மொட்டையா டபிள்யூவா என்பதையும் பாருங்கள். என்ஜின்எக்ஸ் டபிள்யூவுக்கு இழுக்க, வேர்ட்பிரஸ் மொட்டைக்கு இழுத்தால் அது வேறு வகைச் சுற்று.

ஓடை

மொட்டை முகவரி, பிளாக், ஆப் மூன்றும் சரியாகிவிட்டன. இன்னும் இரண்டு சந்தேகம். குரோமில் பிளாக் இணைப்புகள் இன்னமும் பழைய இடத்துக்கே போகின்றன, பிரைவேட் விண்டோவில் சரியாகப் போகின்றன. அப்புறம், வெளியிலிருந்து எச்டிடிபி மொட்டை முகவரிக்கு போஸ்ட் அனுப்பும் வெப்ஹூக் (வேறு சேவை தானாக அனுப்பும் தகவல்) ஒன்றில் தரவு காலியாக வருகிறது.

வேர்ப்பயனர்

இரண்டுக்கும் 301-இன் குணமே காரணம். காலவரை சொல்லாத 301-ஐ பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே போகும். உங்கள் குரோமில் கேஷை அழித்தால் தீர்ந்தது. பயனர்களின் பிரவுசரை அழிக்க உங்களால் முடியாது. அதனால்தான் சோதிக்கும்வரை 302 (தற்காலிக ரீடைரக்ட்), எல்லாம் ஒழுங்கென்று தெரிந்தபின் 301. சோதனையைப் பிரவுசரில் செய்யாமல் கர்ல் கட்டளையில் செய்யுங்கள், ஹெடர் மட்டும் காட்டச் சொல்லி.

வெப்ஹூக் விஷயம்: 301, 302 வந்தால் பிரவுசர்களும் பெரும்பாலான நிரல் நூலகங்களும் போஸ்ட்டை கெட் கோரிக்கையாக மாற்றி, உடலைக் கீழே போட்டுவிடும். முறையும் உடலும் மாறாமல் போக 308, தற்காலிகமென்றால் 307. ஆனால் வெப்ஹூக் அனுப்பும் பக்கம் ரீடைரக்ட்டைப் பின்தொடரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் கோரிக்கையின் தரவு குறியாக்கம் இல்லாமல் திறந்தபடியே வேறு வருகிறது. அங்கே முகவரியை எச்டிடிபிஎஸ் டபிள்யூ என்று மாற்றிவிடுவதே சரி.

கடைசிப்புள்ளி

எச்எஸ்டிஎஸ் போடப் போகிறீர்கள் என்றால் 80 பிளாக்கின் இலக்கைக் கவனியுங்கள். எச்டிடிபி மொட்டையிலிருந்து நேராக எச்டிடிபிஎஸ் டபிள்யூவுக்குத் தாவினால் ஒரு ரீடைரக்ட் மிச்சம்தான். ஆனால் எச்எஸ்டிஎஸ் ஹெடரை எச்டிடிபியில் அனுப்பினால் பிரவுசர் அதை மதிக்காது. டபிள்யூவில் துணை டொமைன்களும் அடக்கம் என்று சொன்னால் அது டபிள்யூவுக்குக் கீழே உள்ளவற்றைத்தான் குறிக்கும். தளம்.காம் முழுவதையும் மூட, மொட்டைப் பெயரின் 443 பிளாக்கிலிருந்து அந்த ஹெடர் போக வேண்டும். ஆகவே முதலில் அதே பெயரின் எச்டிடிபிஎஸ், பிறகு டபிள்யூ. 80-இல் இலக்கை டாலர் ஹோஸ்ட் என்று எழுதினால் இது தானாக அமையும். பிரவுசருக்குள்ளேயே எச்எஸ்டிஎஸ் தளங்களைப் பதித்து வைக்கும் ப்ரீலோட் பட்டியலுக்கும் இதே வரிசைதான் நிபந்தனை. அங்கே மேக்ஸ்-ஏஜ் (பிரவுசர் இதை நினைவில் வைக்கும் காலம்) குறைந்தது 31536000 நொடி, அதாவது ஓர் ஆண்டு.

எடுத்த எடுப்பில் ஓர் ஆண்டு வேண்டாம். 300 நொடியில் தொடங்கி, 604800, 2592000 என்று ஏற்றுங்கள். எச்எஸ்டிஎஸ் பதிந்த பெயரில் சான்றிதழ் பிழை வந்தால் "பரவாயில்லை, உள்ளே விடு" பொத்தானே இருக்காது. பின்வாங்க நினைத்தால் மேக்ஸ்-ஏஜ் 0 அனுப்ப வேண்டும். அதுவும் சரியான எச்டிடிபிஎஸ் வழியாகப் போனால்தான் செல்லும். துணை டொமைன்களையும் சேர்க்கும் முன் டிஎன்எஸ் பட்டியல் முழுவதையும் ஒரு தரம் பாருங்கள். 8080-இல் எச்டிடிபி மட்டும் பேசும் ஏதோ ஒரு நிர்வாகப் பக்கம் எங்காவது இருக்கும். எச்எஸ்டிஎஸ் அந்தப் போர்ட்டை மாற்றாது, எச்டிடிபியை மட்டும் எச்டிடிபிஎஸ் ஆக்கும். அந்தப் பக்கம் அப்படியே செத்துவிடும்.

என்ஜின்எக்ஸ்ஸில் ஆட்_ஹெடர் வரியின் கடைசியில் ஆல்வேஸ் சேர்க்காவிட்டால் 404, 500 பதில்களில் ஹெடர் போகாது. எந்த லொகேஷனுக்குள்ளாவது வேறு ஓர் ஆட்_ஹெடர் இருந்தால் மேல்மட்டத்தில் எழுதியது அங்கே இறங்காது. அங்கேயும் திரும்ப எழுத வேண்டும்.

இன்னொன்று, யாரும் இதுவரை சொல்லவில்லை: டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 பதிவு இருந்தால் ஒவ்வொரு பிளாக்கிலும் [::]:80, [::]:443 லிசன் வரிகளும் வேண்டும். சில பிளாக்கில் இருந்து சிலவற்றில் விட்டுப்போனால், ஐபிவி6 வழியே வருபவர்கள் வேறு பிளாக்கில் விழுந்து தவறான சான்றிதழைப் பார்ப்பார்கள். வீட்டு இணைப்பில் சரி, மொபைலில் பிழை என்ற புகார் வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இது. கர்லில் 4, 6 என்று இரண்டு விருப்பமும் உண்டு. ஒவ்வொரு பெயரையும் இரண்டிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.