புதுப்பிப்பு: கலந்து வைத்த ட்ராஸ்டுஸுமாப் (புற்றுநோய்க்கான புரத மருந்து) பை

நோயாளிக்குத் திடீர்க் காய்ச்சல், டிரிப் தள்ளிப்போகிறது. கலந்துவிட்ட பையை வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மருந்தோடு வந்த தாளில் 2–8 டிகிரியில் 24 மணி நேரம் என்றிருந்தது. அதற்குள் காய்ச்சல் தணியவில்லை, பையைக் கழித்துவிட்டோம். விலையை நினைத்தால் வயிறு எரிகிறதுதான்.

மூலக்கூறு அதைவிட வெகுநாள் தாங்கும் என்று சிலர் காட்டிய ஆய்வுகள் சரியே. ஆனால் அவை அளப்பது புரதத்தின் நிலைப்பை. கலக்கும்போது கிருமி புகுந்திருந்தால் அந்த ஆய்வு என்ன செய்யும்?

டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசலில்) கலக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது, புரதம் திரண்டுவிடும். 0.9% சலைன் (உப்புக் கரைசல்) மட்டும். குலுக்கவும் வேண்டாம், உறையவும் விடாதீர்கள். பை தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பாதீர்கள். நுண்ணிய திரள்கள் கண்ணுக்குப் படாது. எங்கள் குளிர்பெட்டியில் உறைபகுதியை ஒட்டிய தட்டைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

பெவாசிஸுமாப்புக்கு (இன்னொரு புற்றுநோய் மருந்து) இந்த 24 மணி நேரக் கணக்கு ஓடாது. அதன் மூல மருந்தோடு (முதலில் வந்த பிராண்டோடு) அமெரிக்காவில் வரும் தாள், கலந்தபின் 8 மணி நேரம்தான் தருகிறது.