பட்டாவியாப் பேச்சுவார்த்தை: ஜப்பான் கேட்டது எண்ணெயை மட்டும்தானா?

கடலோடி:
இரண்டாம் உலகப் போர் என்றாலே ஜப்பான் ஆக்கிரமிப்பு நாடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1940 மே மாதம் ஹாலந்து ஜெர்மனியிடம் விழுந்தது. ஹாலந்தின் காலனியான இந்தோனேசியாவில் எண்ணெய், ரப்பர், வெள்ளீயம் எல்லாம் இருந்தன. ஜப்பான் உடனே படையையா அனுப்பியது? செப்டம்பரில் வர்த்தக அமைச்சர் கோபயாஷியைத்தான் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியது. ஆள் ரயில் கம்பெனி நடத்திய வியாபாரி. ஆண்டுக்கு 31.5 லட்சம் டன் எண்ணெய், 5 ஆண்டுகளுக்கு, விலை கொடுத்தே வாங்குகிறோம் என்றார்கள். டச்சுக்காரர்கள் இழுத்தடித்தார்கள்.

தேன்மொழி:
இழுத்தடித்தது உண்மை. டச்சுத் தரப்பில் பேசிய வான் மூக் அதில் கெட்டிக்காரர். ஆனால் ஒன்றுமே தரவில்லை என்று ஆகிவிடாது. எண்ணெய் நிறுவனங்கள் ஏறக்குறைய 18 லட்சம் டன் தர முன்வந்தன. பெரும்பாலும் ஆறு மாத ஒப்பந்தங்கள். விமானப் பெட்ரோல்தான் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? கோபயாஷி பட்டாவியாவில் இருக்கும்போதே, செப்டம்பர் 27 அன்று, ஜப்பான் ஜெர்மனி, இத்தாலியோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது. சொந்த ஊரைப் பிடித்து வைத்திருப்பவனின் கூட்டாளிக்கு விமான எரிபொருளை யார் கொடுப்பார்கள்?

கடலோடி:
சரி, அந்தத் தேதியை மறுக்க முடியாது. ஆனால் ஜப்பானின் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1940 ஜூலையிலேயே விமான எரிபொருள் ஏற்றுமதிக்கு அமெரிக்கா கட்டுப்பாடு போட்டுவிட்டது. வேறு கதவைத் தட்டாமல் என்ன செய்வது?

தேன்மொழி:
தட்டட்டும். கோபயாஷிக்கு அடுத்து வந்த ஜப்பானியப் பிரதிநிதி யோஷிசாவா எண்ணெயோடு நிற்கவில்லையே. சுரங்க உரிமை, மீன்பிடி உரிமை, ஜப்பானியர் குடியேற அனுமதி என்று பட்டியல் நீண்டது. 1941 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா தங்கள் நாடாளுமன்றத்திலேயே டச்சுக் காலனியைத் தங்கள் ‘கூட்டு வளமை வட்டத்தில்’, அதாவது ஜப்பான் தலைமையில் அமைக்க நினைத்த ஆசிய வட்டத்தில், சேர்த்துப் பேசினார். வாங்க வந்தவர் கடையே என்னுடையது என்றால் அது வியாபாரமா? ஜூன் மாதம் டச்சுக்காரர்கள் குறைத்தது ரப்பரும் வெள்ளீயமும்தான். அவை சைபீரிய ரயில் வழியாக ஜெர்மனிக்குப் போய்விடும் என்ற பயம். ஜூன் 17 அன்று பேச்சு முறிந்தது. ஜூலைக் கடைசியில் ஜப்பான் படை பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவின் தெற்குப் பகுதிக்குள் நுழைந்தது. அமெரிக்காவும் டச்சுக்காரர்களும் போட்ட சொத்து முடக்கமும் எண்ணெய்த் தடையும் அதற்குப் பதிலாக வந்தவை.

பரணி:
இரண்டு பேருமே அந்த எண்ணெய் யாருடையது என்று கேட்கவில்லை. பட்டாவியாவில் பேரம் நடந்தபோது இந்தோனேசிய விடுதலைத் தலைவர் சுகர்னோ சுமத்ராவின் பெங்குலுவில் நாடுகடத்தப்பட்டிருந்தார். மற்றத் தலைவர்களான ஹத்தாவும் ஷாஹ்ரீரும் பண்டா தீவில். மண்ணின் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளுக்காக ஜப்பான் பாராசூட் வீரர்களை இறக்கியது. அப்புறம் ஜாவா விவசாயிகள் ‘ரோமுஷா’ என்ற கட்டாயக் கூலிகள். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய நம் ஜனங்கள், ஜப்பான் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள்.

கடலோடி:
ரோமுஷா விஷயத்தில் ஜப்பானுக்காக நான் பேசமாட்டேன். 1940 செப்டம்பரில் வந்த கோபயாஷி வேறு, 1942இல் வந்த ராணுவம் வேறு என்பதில் மட்டும் இன்னும் நிற்கிறேன்.

தேன்மொழி:
இரண்டுக்கும் நடுவில் மட்சுவோகாவின் பேச்சு இருக்கிறது. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.