நானூறு வருட வம்சத்தை எப்படி விழவைப்பது? (மிகுபுனைவு நாவல்)

உப்புக்காற்று:
வணக்கம். ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனை நாடு, பெயர் ஆழிநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம். சுற்றிலும் கல்சுவர், அதில் பன்னிரண்டு மதகுகள். அரச குலத்தில் பிறந்தவர் கை வைத்தால்தான் மதகு திறக்கும், மூடும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நானூறு வருடமாக ஒரே வம்சம் ஆள்கிறது.

அந்த வம்சம் விழ வேண்டும். வடக்கிலிருந்து பெரும்படை வருகிறது, ஒரு துரோகி கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான், ராஜா வாளோடு சாகிறார், கைக்குழந்தை இளவரசி மட்டும் தப்பிக்கிறாள். படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: இத்தனை காலம் நின்றது நாலே நாளில் எப்படிப் போகும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இவர்கள் செத்தால் மதகைத் திறக்க ஆளில்லை, நாடே மூழ்கிவிடும். அப்புறம் எவன் இவர்களைக் கொல்ல வருவான்? யோசனை சொல்லுங்கள்.

பழங்கணக்கு:
படையை அப்புறம் பார்ப்போம். உங்கள் மதகுக் காவலாளிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இதற்கு நாவலில் பதில் இல்லையென்றால் நண்பர்கள் கேட்டது நியாயம்தான்.

நான் தணிக்கைப் பிரிவில் காலம் தள்ளியவன். எந்த ராஜா கதையை எடுத்தாலும் கண் முதலில் கருவூலத்துக்குத்தான் போகும். 1788-இல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறக்குறையப் பாதி கடனுக்குக் கட்டவே போயிற்று. புது வரி போட வழி தேடித்தான் மன்னர் அடுத்த வருடம் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார், அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சீனாவில் மிங் வம்சம் செலவைக் குறைக்கிறேன் என்று 1629-இல் அஞ்சல் சாவடிகளில் கை வைத்தது. அதில் வேலை போனவன் என்று சொல்லப்படுகிற லீ த்சுசெங், 1644-இல் படையோடு பெய்ஜிங்குக்குள் நுழைந்தான். பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டார். ஒரு சிக்கன நடவடிக்கை! என் பழைய மேலதிகாரிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பொருத்தமான பாடம் சோழர்தான். மூன்றாம் ராஜராஜனை 1231-இல் அவருக்கே அடங்கியவனாக இருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். கொன்றானா? இல்லை. ஹொய்சள மன்னன் நரசிம்மன் தளபதிகளை அனுப்பி மீட்டுக் கொடுத்தான், திருவந்திபுரம் கல்வெட்டே அதைச் சொல்கிறது. பக்கத்து நாட்டுக்காரன் மீட்டுக் கொடுத்த சிம்மாசனத்துக்கு என்ன மரியாதை மிஞ்சும்? பின்னால் கோப்பெருஞ்சிங்கன் தன் பெயரிலேயே ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டு வெட்டிக்கொண்டான். அதாவது, சோழன் இருக்கிறான், ஆனால் அவன் பெயரில் ஆண்டு எண்ண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கடைசி அரசன் மூன்றாம் ராஜேந்திரன் 1279 வரைக்கும் கல்வெட்டில் தெரிகிறான், அப்புறம் காணோம். அவன் எப்படிச் செத்தான் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

ஆழிநாட்டில் இதைச் செய்யுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சிற்றரசன் திறையைத் தாமதமாக அனுப்பட்டும், பத்தாம் அத்தியாயத்தில் பாதி அனுப்பட்டும். படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் ராஜா ஊர்களை மானியமாக எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுத்த ஊரிலிருந்து அடுத்த வருடம் வரி வராது, ஆகவே இன்னும் ஊர்களைக் கொடுப்பார். வடக்குப் படை வரும்போது எதிர்த்து நிற்க ஆளே இருக்கக் கூடாது.

சிவப்புத்தும்பி:
அண்ணே, வரிக்கணக்கைப் படிக்கவா மிகுபுனைவு வாங்குகிறோம்? போர் வேண்டும். ஒரே நாளில் விழுந்ததும் உண்டு. 1565 தலைக்கோட்டைப் போர், ராமராயர் தலை போனது, விஜயநகரம் கொள்ளை போனது. முடிந்தது கதை.

பழங்கணக்கு:
முடியவில்லை தம்பி. அன்றைக்குத் தலை போனது ராஜாவுக்கு இல்லை. சிம்மாசனத்துக்கு உரியவர் சதாசிவராயர், ராமராயர் அவரைப் பொம்மையாக வைத்துக்கொண்டு ஆண்டவர். போரில் தப்பிய ராமராயரின் தம்பி திருமலை, கருவூலத்தையும் சதாசிவரையும் தூக்கிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார். சில வருடம் கழித்து முடியைத் தானே சூட்டிக்கொண்டார். சதாசிவரின் துளுவ வம்சம் முடிந்தது அங்கேதான், களத்தில் அல்ல.

போர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கடைசி ரசீதாக வரட்டும்.

உப்புக்காற்று, உங்கள் இரண்டாவது சிக்கலுக்கும் இதில் பதில் இருக்கிறது. ரத்தம்தான் மதகைத் திறக்கும் என்றால் அந்த ரத்தத்தைக் கொல்லக் கூடாது, கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பையனை அரியணையில் உட்காரவைத்து, வேளாவேளைக்கு மதகடிக்குக் கூட்டிப்போய்க் கையை வைக்கச் சொல்லுகிற ஒரு அமைச்சன் போதும். வம்சம் உயிரோடு இருக்கும்போதே விழுந்தாயிற்று.

நடுநிசி வாசகி:
தப்பிக்கும் கைக்குழந்தை பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த உத்திதான், ஆனால் நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1614-இல் விஜயநகர அரசர் வேங்கடபதி தேவராயர் இறந்ததும், ஜக்கராயன் என்ற பிரபு புது அரசரையும் குடும்பத்தையும் சிறைபிடித்தான். ஒரு மகனை மட்டும் துணி வெளுப்பவர் அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டு வந்தார் என்று அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியப் பாதிரியார் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள். பிழைத்த ராமதேவனுக்காக யாசம நாயக்கரும் தஞ்சை ரகுநாத நாயக்கரும் தோப்பூரில் போரிட்டு ஜெயித்தார்கள். பையன் முடி சூடினான், ஆனால் பேரரசு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. உங்கள் இளவரசி பெரியவளாகித் திரும்பி வரும்போது, அவளை அடையாளம் கண்டுகொள்ள யாருக்காவது லாபம் இருக்கிறதா என்று யோசியுங்கள். எனக்கு அந்த மூட்டை தூக்கியவரின் கதைதான் வேண்டும். அவருக்கு என்ன கொடுத்தார்கள்?

உப்புக்காற்று:
எல்லாருக்கும் நன்றி. அமைச்சன் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், துரோகியைத் தூக்கிவிடுகிறேன். ஒரே சந்தேகம்: நானூறு வருடம் ஒழுங்காக ஓடியது ஏன் இப்போது மட்டும் கெட வேண்டும்? வறட்சி, கொள்ளைநோய் என்று ஏதாவது போடவா?

பழங்கணக்கு:
தேவையில்லை, காரணம் உங்கள் சுவரிலேயே இருக்கிறது. மதகு பன்னிரண்டு. அலை ஏறினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒரு ராஜாவுக்குக் கை இரண்டுதான். அப்படியானால் மதகுக்கு ஒருவராகச் சித்தப்பா, பெரியப்பா, மருமகன் என்று பன்னிரண்டு பேர் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு கோட்டை, ஒரு சுங்கச்சாவடி. நாலாவது தலைமுறையில் அவர்கள் பன்னிரண்டு அரச குடும்பங்கள், தலைநகரில் இருப்பவன் அதில் ஒருவன், அவ்வளவுதான்.

1310-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கொல்லப்பட்டான். கொன்றது மகன் சுந்தரபாண்டியனே என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அவனும் இன்னொரு மகன் வீரபாண்டியனும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்து சேர்ந்தது.

ஏழாம் மதகுக்காரனுக்கு மகன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சுங்க வருமானம் யாருக்கு என்று ஆறாம் மதகும் எட்டாம் மதகும் சண்டைக்கு நிற்கட்டும். வடக்குப் படைக்கு ஓலை அனுப்புவது அந்த இரண்டு பேரில் ஒருவன்தான். யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நான் எட்டாம் மதகுக்காரனைத்தான் சந்தேகப்படுவேன்.